இங்கிருந்து அங்கே: கட்டளை வரியில் கோப்பு அனுப்பப் பழகுவோம்

ஒரே வீடு, ஒரே ரவுட்டர், பத்தடி தள்ளி இரண்டு கணினிகள். ஒன்றில் கிடக்கும் வீடியோ இன்னொன்றுக்குப் போக வேண்டும். உடனே எல்லாரும் இழுப்பறையைத் திறந்து பெண்டிரைவ் தேடுவோம். அது ஃபேட்32 வகையாக இருந்தால் தீர்ந்தது கதை: உள்ளே 60 கிகாபைட் காலியாக இருந்தாலும் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வாங்கிக்கொள்ளாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும். கூகள் டிரைவில் ஏற்றி, பிறகு அதே ஹாலில் உட்கார்ந்து இறக்குவது இருக்கிறதே, பக்கத்து வீட்டுக்குச் சட்னி கொடுக்க சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் இருக்கும் பூன் லே வரை எம்ஆர்டி ரயிலில் போய்த் திரும்பி வருவது மாதிரி.

அம்மா எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் இந்திய நற்பணிச் செயற்குழுவில் இருக்கிறார். விழா படங்களும் வீடியோக்களும் அவருடைய பழைய மேக்புக்கில்தான் வந்து சேரும். அங்கே இடம் நிறைந்ததும் ஹாலில் இருக்கும் உபுண்டு கணினிக்கு மாற்றுவது என் வேலை. போன தடவை மாற்றிய பொங்கல் ஃபோல்டர் மட்டும் 38 கிகாபைட். கீழே சொல்வதெல்லாம் அந்த வேலையை வைத்துத்தான். உங்கள் வீட்டுக் கணினிகள் வேறாக இருக்கலாம், வழி ஒன்றுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில், தொலைபேசியில் படித்துக் காட்டுவது போல எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். எஸ்எஸ்எச் (இன்னொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் கட்டளை) என்றால் அந்த மூன்று எழுத்து, எஸ்சிபி (கோப்பை நகலெடுத்து அனுப்பும் கட்டளை) என்றால் அந்த மூன்று எழுத்து, ஆர்சிங்க் (ஃபோல்டரை அனுப்பும் கட்டளை) என்றால் ஆர், எஸ், ஒய், என், சி என்ற ஐந்து எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் 'பெரிய' என்று சொல்லியிருப்பேன். பி என்றால் பேப்பருக்கு வரும் பி. இடைவெளி, முக்காற்புள்ளி, சாய்கோடு எல்லாம் அப்படியே. கோப்பு, ஃபோல்டர் பெயர்கள் மட்டும் உங்கள் கணினியில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அந்த எழுத்தில். பார்த்துப் படியெடுத்து ஒட்ட முடியாதே என்று வருத்தப்படாதீர்கள், கையால் தட்டினால்தான் இது மனதில் நிற்கும்.

முதலில் ஒரு கதவு திறந்திருக்க வேண்டும்

இரண்டு கணினிகளில் ஒன்று கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும், மற்றது போய்த் தட்ட வேண்டும். தட்டும் வசதி இப்போது எல்லாவற்றிலும் வந்துவிட்டது. மேக்கிலும் லினக்ஸிலும் வெகுகாலமாக இருக்கிறது, விண்டோஸ் 10இலும் 2018 ஏப்ரல் பதிப்பிலிருந்து தானாகவே இருக்கிறது. விண்டோஸில் பவர்ஷெல்லையோ மேக்கிலும் லினக்ஸிலும் டெர்மினலையோ திறந்து எஸ்எஸ்எச் என்று மட்டும் தட்டி என்டர் கொடுத்துப் பாருங்கள். நாலைந்து வரி பயன்பாட்டுக் குறிப்பு வந்தால் இருக்கிறது என்று அர்த்தம்.

கதவைத் திறப்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். உபுண்டுவில் இது:

சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஓபன்எஸ்எஸ்எச்-சர்வர்

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங் என்று போனால் 'ரிமோட் லாகின்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதன் உள்ளே, தொலைவிலிருந்து வருபவருக்கு முழு வட்டையும் பார்க்க அனுமதி தரும் இன்னொரு பொத்தானும் இருக்கிறது. அதைத் தொடாமல் விட்டால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களுக்குள் நுழையும்போது 'அனுமதி இல்லை' என்று முகத்தில் அடிக்கும், நீங்கள் கடவுச்சொல்லைச் சந்தேகப்பட்டுக்கொண்டு அரை மணி நேரம் வீணாக்குவீர்கள். விண்டோஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் ஓபன்எஸ்எஸ்எச் சர்வரைத் தேடிச் சேர்த்து, பிறகு சர்வீசஸ் பட்டியலில் அதை ஓட்டிவிட வேண்டும். முடியும், ஆனால் ஒரு பக்கம் மேக்கோ லினக்ஸோ இருந்தால் கதவு வேலையை அதனிடம் கொடுத்துவிட்டு விண்டோஸைத் தட்டுகிற ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். தலைவலி குறையும்.

எங்கள் வீட்டில் உபுண்டு கதவைத் திறக்கும், அம்மாவின் மேக் போய்த் தட்டும். உபுண்டுவில் பயனர் பெயர் 'வீடு'.

அடுத்து முகவரி. உபுண்டுவில் ஹோஸ்ட்நேம் என்று தட்டி, இடைவெளி விட்டு, சிறுகோடும் பெரிய ஐயும் போட்டால் எண் வரும். விண்டோஸில் ஐபிகான்ஃபிக். வீட்டு ரவுட்டர் தரும் எண் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும், சில வீடுகளில் 10 என்று தொடங்கும். எங்களுடையது 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கணினியும் ஒரே வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தால் பல ரவுட்டர்கள் அவற்றை ஒன்றையொன்று பார்க்க விடாது.

சரி, கோப்பை அனுப்பும் முன் வெறுங்கையோடு ஒரு தடவை போய் வாருங்கள்:

எஸ்எஸ்எச் வீடு@192.168.1.20

முதல் தடவை, இந்தக் கணினியை எனக்குத் தெரியாது, தொடரவா என்று கேட்கும். 'யெஸ்' என்பதை மூன்று எழுத்தும் முழுதாகத் தட்ட வேண்டும், ஒய் மட்டும் போட்டால் ஏற்காது. பிறகு கடவுச்சொல். தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, புள்ளிகூட வராது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைத்து அம்மா அதை ஒரு நாள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கெடவில்லை, அது அப்படித்தான். தட்டிவிட்டு என்டர் கொடுங்கள். விண்டோஸ் கதவாக இருந்தால் நீங்கள் தினமும் போடும் நாலு இலக்கப் பின் இங்கே செல்லாது, முழுக் கடவுச்சொல் வேண்டும். உள்ளே போய்விட்டால் எக்சிட் என்று தட்டித் திரும்பிவிடுங்கள். இது நடந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, பின்னால் எது சிக்கினாலும் அது பாதையின் கோளாறு, கதவின் கோளாறு இல்லை.

பல நாள் கழித்து ஒரு நாள், ஆச்சரியக்குறியும் எச்சரிக்கையுமாக, மறுமுனையின் அடையாளம் மாறிவிட்டது என்று ஒரு பெரிய கட்டம் வரலாம். வீட்டில் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றுதான்: ரவுட்டர் அந்த எண்ணை வேறு கணினிக்குக் கொடுத்திருக்கும், அல்லது நீங்கள் உபுண்டுவைப் புதிதாக நிறுவியிருப்பீர்கள். அப்படித்தான் என்று உறுதியானால் எஸ்எஸ்எச்-கீஜென், இடைவெளி, சிறுகோடு பெரிய ஆர், இடைவெளி, முகவரி. பழைய நினைவு அழிந்துவிடும். காரணம் தெரியவில்லை என்றால் கடவுச்சொல்லைத் தட்டாமல் நிறுத்துங்கள். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்ட பிறகுதான் தாத்து உலோனென் இந்த எஸ்எஸ்எச்சை எழுதினார். அந்த எச்சரிக்கைக் கட்டம் இதன் அடிப்படை வேலை.

அதற்கு முன்பு கோப்பு அனுப்ப இருந்த முறை எஃப்டிபி. 1971இல் அதன் முதல் வரையறையை எழுதியவர் அபய் பூஷண், ஐஐடி கான்பூரின் முதல் அணி மாணவர். நல்ல வேலைதான், ஆனால் அந்தக் காலத்து எஃப்டிபி கடவுச்சொல்லை அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவது போல வெட்டவெளியில் அனுப்பும். இன்று புதிதாகக் கற்பவர் அதன் பக்கம் போக வேண்டியதில்லை.

ஒரு கோப்பு என்றால் எஸ்சிபி

இதன் இலக்கணம் இரண்டே சொல்: எங்கிருந்து, எங்கே.

எஸ்சிபி பொங்கல்.எம்பி4 வீடு@192.168.1.20:வீடியோ/

முதலில் இருப்பது இங்கிருக்கும் கோப்பு. இரண்டாவது போய்ச் சேரும் இடம். அங்கிருந்து இங்கே வர வேண்டும் என்றால் இரண்டையும் இடம் மாற்றுங்கள், கடைசியில் ஒற்றைப் புள்ளி வைத்தால் 'நான் இப்போது நிற்கும் ஃபோல்டர்' என்று பொருள்:

எஸ்சிபி வீடு@192.168.1.20:வீடியோ/பொங்கல்.எம்பி4 .

அந்த முக்காற்புள்ளியைக் கவனியுங்கள். அதுதான் 'இது வேறு கணினி' என்பதற்கு அடையாளம். அதற்குப் பின் சாய்கோடு இல்லாமல் தொடங்கினால் அந்தப் பயனரின் சொந்த ஃபோல்டரிலிருந்து எண்ணும், சாய்கோட்டில் தொடங்கினால் வட்டின் வேரிலிருந்து எண்ணும். முகவரியோடு நிறுத்தி முக்காற்புள்ளியையே மறந்துவிட்டால் பிழை எதுவும் வராது, அதுதான் வேடிக்கை. கோப்பு மின்னல் வேகத்தில் 'போய்விடும்'. எங்கே? உங்கள் கணினியிலேயே, வீடு@192.168.1.20 என்ற பெயரில் ஒரு நகலாக. வேகம் நம்ப முடியாத அளவுக்கு இருந்தால் முக்காற்புள்ளியைத் தேடுங்கள்.

ஃபோல்டரை அனுப்ப எஸ்சிபிக்குப் பின் சிறுகோடு ஆர் சேர்க்க வேண்டும். சிறுகோடு சிறிய பி சேர்த்தால் கோப்பின் பழைய தேதி அப்படியே இருக்கும், சேர்க்காவிட்டால் எல்லாப் படமும் இன்றைக்கு எடுத்ததாகக் காட்டும். பெரிய பி போட்டால் அதற்கு வேறு வேலை, போர்ட் எண்ணை, அதாவது கணினிக்குள் இணைப்பு நுழையும் வாசலின் எண்ணைச் சொல்வது. எஸ்எஸ்எச்சில் அதே போர்ட் எண்ணுக்குச் சிறிய பி. யார் இப்படி முடிச்சுப் போட்டார்களோ, நானே இன்றும் ஒரு தடவை தப்பாகத் தட்டிவிட்டுத்தான் சரியாகத் தட்டுகிறேன். வழக்கமான 22ஆம் போர்ட்டையே பயன்படுத்தினால் இந்தக் கவலை இல்லை.

பெயரில் இடைவெளி இருந்தால், உதாரணமாக 'கோலப் போட்டி.எம்பி4', முழுப் பெயரையும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். இல்லையென்றால் 'கோலப்' என்று ஒரு கோப்பு, 'போட்டி.எம்பி4' என்று ஒரு கோப்பு என்று இரண்டைத் தேடிவிட்டு இரண்டும் இல்லை என்று சொல்லும்.

ஃபோல்டர் என்றால் ஆர்சிங்க்

எஸ்சிபிக்கு நினைவாற்றல் கிடையாது. 38 கிகாபைட்டில் 35 போன பிறகு யாராவது மடிக்கணினியை மூடிவிட்டால் மறுபடி தொடக்கத்திலிருந்துதான். ஆர்சிங்க் அப்படியில்லை, அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்து இல்லாததை மட்டும் அனுப்பும். 1996இல் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் இருவரும் எழுதியது. கோப்பின் அளவும் தேதியும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் தாண்டிப் போய்விடும், மாறியிருந்தால் அந்தக் கோப்பிலும் மாறிய துண்டுகளை மட்டும் கண்டுபிடித்து அனுப்பும்.

ஆர்சிங்க் -ஏவி பெரிய பி பொங்கல் வீடு@192.168.1.20:வீடியோ/

ஏ, வி, பெரிய பி மூன்றையும் அந்தச் சிறுகோட்டோடு ஒட்டியே தட்டுங்கள். ஏ என்பது தேதி, அனுமதி, உட்ஃபோல்டர் எல்லாவற்றையும் அப்படியே வைக்கச் சொல்வது, அதை விட்டுவிட்டால் தேதி மாறிப்போய் அடுத்த தடவை எல்லாவற்றையும் மாறியதாக நினைத்து மறுபடி சரிபார்க்கும். வி என்றால் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய். பெரிய பி என்றால் எவ்வளவு போயிற்று என்று காட்டு, பாதியில் நின்ற கோப்பை வீசாமல் வைத்திரு. அறுந்தால் அதே கட்டளையை மறுபடி கொடுங்கள், விட்ட இடத்திலிருந்து போகும். பல குறிப்புகளில் 'இசட்' என்ற எழுத்தையும் சேர்க்கச் சொல்வார்கள், வழியில் சுருக்கி அனுப்புவதற்கு. வீடியோவும் ஜேபெக் படமும் ஏற்கெனவே சுருங்கியவைதான், வீட்டுக்குள் அனுப்பும்போது அது வெறும் வெட்டிவேலை.

விண்டோஸில் ஆர்சிங்க் தானாக வராது, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதி வழியாக உபுண்டுவை உள்ளே நிறுவிக்கொண்டால் அதில் ஓடும்.

இப்போது முக்கியமான இடம், மெதுவாகப் படியுங்கள். மேலே 'பொங்கல்' என்று எழுதினேன், பின்னால் சாய்கோடு இல்லை. அதனால் அங்கே வீடியோவுக்குள் பொங்கல் என்ற ஃபோல்டர் உருவாகும். 'பொங்கல்/' என்று சாய்கோட்டோடு எழுதினால் பானையை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் கொட்டுவது மாதிரி, இருநூறு கோப்புகளும் வீடியோ ஃபோல்டரில் நேராகச் சிதறும், தீபாவளிப் படங்களோடு கலந்துவிடும். எங்கிருந்து என்ற பக்கத்துச் சாய்கோடுதான் இந்த வித்தையைச் செய்கிறது. ஆர்சிங்க்கில் புதியவர்கள் படும் பாட்டில் பாதி இந்த ஒற்றைக் கோட்டால்தான்.

இன்னொன்று '--டெலீட்'. இங்கே இல்லாததை அங்கேயும் அழித்து இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கும். எனக்கு இது ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. வெளி வட்டிலிருந்து உபுண்டுவுக்கு வாராவாரம் நகலெடுக்க இதைச் சேர்த்து ஒரு கட்டளை வைத்திருந்தேன். ஒரு நாள் வட்டின் கம்பி சரியாகச் சொருகவில்லை. வட்டு தெரிய வேண்டிய இடத்தில் வெறும் ஃபோல்டர் மட்டும் இருந்தது. ஆர்சிங்க் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது: இங்கே எதுவும் இல்லை, ஆகவே அங்கேயும் எதுவும் இருக்கக்கூடாது. எல்லாம் போயிற்று. மூல வட்டு நன்றாக இருந்ததால் பிழைத்தேன், இல்லையென்றால் அம்மாவின் முகத்தில் விழித்திருக்க முடியாது. அன்றிலிருந்து டெலீட் சேர்க்கும் எந்தக் கட்டளையையும் முதலில் 'என்' என்ற எழுத்தோடுதான் ஓட்டுகிறேன்:

ஆர்சிங்க் -ஏவிஎன் --டெலீட் பொங்கல்/ வீடு@192.168.1.20:வீடியோ/பொங்கல்/

'என்' என்ற எழுத்து இருந்தால் எதையும் தொடாது, செய்யப் போவதை மட்டும் பட்டியலிடும். அதில் 'டெலீட்டிங்' என்ற சொல் வரிவரியாக ஓடினால் கையை எடுத்துவிடுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் சில மாதம் டெலீட்டைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. இடம் கொஞ்சம் வீணாகும், அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது

நம் ஊரில் வீட்டுக்கு 1 கிகாபிட் ஃபைபர் வாங்கியிருப்போம், ஆனால் வீட்டுக்குள் கணினிக்குக் கணினி போகும்போது அந்தச் சந்தாவுக்கு வேலையே இல்லை. இடையில் இருப்பது ரவுட்டரும் வைஃபையும் கம்பியும்தான். அப்புறம் பிட் வேறு, பைட் வேறு. விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட், அந்தக் கணக்கில் 38 கிகாபைட்டுக்கு ஏறத்தாழ 50 நிமிடம். 1 கிகாபிட் கம்பியில் நடைமுறையில் 110 மெகாபைட் வரை கிடைக்கும், அதே வேலை ஆறு நிமிடத்தில் முடியும். எங்கள் வீட்டில் புது ரவுட்டர் இருந்தும் 11 மெகாபைட்டைத் தாண்டவே இல்லை. கடைசியில் பார்த்தால் டிவி அலமாரிக்குப் பின்னால் நசுங்கிக் கிடந்த பழைய கம்பி. கிகாபிட்டுக்கு உள்ளே நான்கு இணைக் கம்பியும் வேண்டும், ஒன்று அறுந்தாலும் 100க்கு இறங்கிவிடலாம். சிம் லிம் ஸ்குவேரில் சில வெள்ளிக்கு ஒரு கேட்5ஈ கம்பி வாங்கி மாட்டியதும் சரியாயிற்று. உங்கள் வேகம் 11, 12 என்ற எண்ணில் முட்டி நிற்கிறது என்றால் முதலில் கம்பியைப் பாருங்கள்.

பொங்கல் இரண்டாகிப் போனால்

இது தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு வரும் கூத்து, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். ஒரு நாள் உபுண்டுவில் பார்த்தால் 'பொங்கல்' என்று இரண்டு ஃபோல்டர்கள், எழுத்துக்கு எழுத்து ஒன்று போலவே. 'கல்யாணம்' மட்டும் ஒன்றுதான் இருந்தது. காரணம் 'பொ'. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் ஒற்றைக்கொம்பு பின்னால் கால் என்று இரண்டு குறியாகப் பிரித்தும் எழுதலாம். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இப்படியே. பழைய மேக்குகளின் எச்எஃப்எஸ்+ வட்டு முறை கோப்புப் பெயரைப் பிரித்தே சேமிக்கும். நாம் விசைப்பலகையில் தட்டும்போது பெரும்பாலும் சேர்ந்தே வரும். கண்ணுக்கு ஒன்று, லினக்ஸுக்கு இரண்டு. ஏற்கெனவே என் கைத்தொலைபேசியிலிருந்து ஒரு பொங்கல் அங்கே இருந்தது, மேக்கிலிருந்து இன்னொரு பொங்கல் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

மேக்கிலிருந்து அனுப்பும்போது ஆர்சிங்க் கட்டளையில் இதைச் சேர்த்தால் வழியிலேயே சேர்த்துவிடும்:

--ஐகான்வ்=யுடிஎஃப்-8-மேக்,யுடிஎஃப்-8

மேக்கோடு வரும் ஆர்சிங்க்கில் இந்த வசதி இல்லை, மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூ வழியாகப் புதியதை நிறுவிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே லினக்ஸில் வந்து இரண்டாகிவிட்டவற்றுக்கு கன்வ்எம்வி என்ற கருவி இருக்கிறது. இதற்குப் பயந்து ஆங்கிலத்தில் பெயர் வைக்கும் நண்பர்கள் உண்டு. நான் மாற்றவில்லை.

ஊரில் இருக்கும் கணினிக்கு

சென்னையில் இருக்கும் சித்தப்பா கணினிக்கு இதே முறையில் அனுப்பலாமா என்று கேட்பார்கள். கட்டளை ஒன்றுதான், முகவரிதான் பிரச்சினை. 192.168 எண் வீட்டு வாசலைத் தாண்டாது. சிலர் ரவுட்டரில் 22ஆம் போர்ட்டை வெளியே திறந்துவிடச் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம். திறந்த கொஞ்ச நேரத்திலேயே எங்கெங்கிருந்தோ தானியங்கி நிரல்கள் வந்து கடவுச்சொல்லை ஊகித்துத் தட்ட ஆரம்பிக்கும். டெய்ல்ஸ்கேல் அல்லது வயர்கார்ட் போன்ற ஒன்றை இரண்டு பக்கமும் நிறுவினால் இரண்டு கணினியும் ஒரே வீட்டில் இருப்பது போல ஒரு தனி எண் கிடைக்கும். அந்த எண்ணை மேலே சொன்ன கட்டளையில் போட்டால் போதும். அங்கே மின்சாரம் போகும், இங்கே இணைப்பு அறும், ஆகவே எஸ்சிபி வேண்டாம், ஆர்சிங்க்தான். 'இசட்' எழுத்துக்கும் இங்கேதான் கொஞ்சம் பயன், அதுவும் எழுத்துக் கோப்புகளுக்கு.

அடிக்கடி அனுப்புவீர்கள் என்றால் கடவுச்சொல்லுக்குப் பதில் சாவி வைத்துக்கொள்ளுங்கள்: எஸ்எஸ்எச்-கீஜென், இடைவெளி, -டி இடி25519 (முதல் டி டேபிளுக்கு வரும் டி, இரண்டாவது டாக்டருக்கு வரும் டி). இரண்டு கோப்பு உருவாகும். 'பப்' என்று முடிவது பூட்டு, அதை எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி என்ற கட்டளையால் அந்தப் பக்கம் வைக்கலாம். மற்றது சாவி, அதை யாருக்கும், சித்தப்பாவுக்குக்கூட, அனுப்பக்கூடாது.

மூலத்தை அழிக்கும் முன்

எல்லாம் போய்ச் சேர்ந்தது என்று நினைத்ததும் பழைய கணினியில் அழிக்கக் கை பரபரக்கும். இதை ஒரு தடவை ஓட்டுங்கள்:

ஆர்சிங்க் -ஏவிஎன்சி பொங்கல்/ வீடு@192.168.1.20:வீடியோ/பொங்கல்/

சி என்ற எழுத்து, அளவையும் தேதியையும் நம்பாமல் ஒவ்வொரு கோப்பையும் இரண்டு பக்கமும் முழுதாகப் படித்து ஒப்பிடச் சொல்கிறது. நேரம் எடுக்கும், ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வரலாம். மேக்கில் ஐகான்வ் சேர்த்து அனுப்பியிருந்தால் இங்கேயும் அதைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் எல்லா ஒகரமும் காணவில்லை என்று பொய் சொல்லும். பட்டியலில் கோப்புப் பெயர் எதுவும் வரவில்லை என்றால் இரண்டும் ஒன்று, அழிக்கலாம். வந்தால் 'என்' என்ற எழுத்தை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், அந்த ஒன்றிரண்டு மட்டும் போய்ச் சேரும். அம்மாவின் மேக்கில் இப்படி ஓட்டியபோது வந்தது ஒரே ஒரு பெயர், உறியடி வீடியோ. அதை அனுப்பிவிட்டுத்தான் அழித்தேன்.